அவசரம் என்ற சொல்லுக்கு ஒன்றரை மார்க்

ஜூன் 3, செவ்வாய். பிரஷர் 148/92

டாக்டரம்மா சொல்லி வாங்கிய நோட்டு. தினமும் சாயங்காலம் பிரஷர் பார்த்து எழுதவேண்டும். கூடவே அன்றைக்கு என்ன நடந்தது என்று நாலு வரி. எதனால் ஏறுகிறது என்று அப்போதுதான் தெரியுமாம். முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் எழுதச் சொன்னார். ஆவுடையப்பன், நாற்பத்தெட்டு, தூத்துக்குடியில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன்.

எதனால் ஏறுகிறது என்று நோட்டுப் போடாமலே எனக்குத் தெரியும். குப்பை மெயில். ஒரு நாளைக்கு நானூறு. முதலாளி கேப்டன் வில்ஃபிரட், இருபது வருஷம் கப்பல் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்தவர், இன்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

"யோவ் ஆவுடை, காலைல மெயிலத் தொறந்தா ஒரே விதவையளா இருக்காளுவ. எல்லாரும் எனக்குச் சொத்து எழுதி வைக்கணும்ங்காளுவ. நீரு எதுக்குவே இருக்கீரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஜூன் 4, புதன். 146/90

நம் மெயில் வடிகட்டியோடு வருகிற விதிகள் போதாது. வெளியாள் எழுதிய பிளகின், அதாவது வடிகட்டியில் ஒட்டவைக்கிற துண்டு நிரல், இரண்டை இறக்கிப் போட்டேன். ஒன்று, மெயில் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்க்கும். மற்றது, எழுதியிருக்கிற தினுசைப் பார்க்கும். பரீட்சை மாதிரிதான். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தா, இரண்டு மார்க். 'அவசரம்' என்ற சொல்லா, ஒன்றரை. 'உதவி' ஒன்று. யாரென்று தெரியாத இலவச முகவரி ஒன்று. ஐந்து மார்க் வாங்கினால் பாஸ், அதாவது குப்பை. நாட்டுப் பட்டியலில் ஆப்பிரிக்கக் கரை முழுவதையும் ஒரே இழுப்பில் சேர்த்து இரண்டு மார்க் போட்டேன். விதவைகள் அங்கிருந்துதான் அதிகம்.

பிளகின் எழுதிய புண்ணியவான் அதைத் தொட்டு நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் கூடவே ஒரு குறிப்பு வைத்திருக்கிறான். முதல் ஒரு மாதம் எதையும் அழிக்காதே, தனிப்பெட்டியில் நிறுத்திவைத்து நீயே கண்ணால் பார் என்று. சரி என்று நிறுத்திவைத்தேன்.

ஜூன் 5, வியாழன். 144/90

ஒரே நாளில் தனிப்பெட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு. இதை ஒவ்வொன்றாகப் பார்க்கவா என்னைப் பெற்றார்கள்? முப்பது பார்த்தேன். முப்பதும் குப்பை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். காலை பதினொரு மணிக்கு அமைப்பை மாற்றிவிட்டேன். நிறுத்திவைக்காதே, வந்த கையோடு அழி.

ஜூன் 6, வெள்ளி. 138/86

குப்பை பூஜ்யம். கேப்டன் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். இரண்டுதான் தின்றேன்.

ஜூன் 9, திங்கள். 140/88

மதியம் தஸ்நேவிஸ் மேரி வந்தாள். உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். அவள் புருஷன் கஸ்பாரை ஒராலியா என்ற சரக்குக் கப்பலுக்குச் சமையல்காரனாக நாங்கள்தான் அனுப்பினோம், ஏழு மாதம் ஆகிறது. கப்பல் ஆப்பிரிக்கப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. மூன்று வாரமாகப் போன் இல்லையாம்.

"அண்ணாச்சி, மெயில் எதுவும் வந்துச்சா?"

அவள் எதிரிலேயே தேடினேன். "ஒண்ணும் வரல தங்கச்சி. கடல்ல சிக்னல் கெடைக்காதுல்லா."

"மூணு வாரமா கெடைக்காது?"

"வந்தா மொத ஆளா உனக்குத்தான் போன் பண்ணுவேன். போதுமா?"

அவள் நகத்திடுக்கில் எல்லாம் உப்பு. நல்ல பிள்ளை.

ஜூன் 11, புதன். 140/86

மேரி இன்றும் வந்தாள், தினமும் வருகிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு வருகிறாள் போல. பன்னிரண்டரைக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, என் எதிர் நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை என்றேன்.

பேச்சை மாற்ற, கஸ்பார் வீட்டுக்குக் கடுதாசி எழுதுவானா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "மளிகைச் சிட்டையக்கூட இங்கிலீஷ்ல பெரிய ஏபிசிடியிலதான் எழுதுவாக அண்ணாச்சி. ஏன் இப்பிடிக் கத்துதியன்னு கேட்டா, கப்பல்ல அப்பிடித்தான் எழுதணும்பாக."

அது உண்மைதான். அந்தக் காலத்துத் தந்தி இயந்திரத்தில் சின்ன எழுத்தே கிடையாது. இயந்திரம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. எங்கள் கேப்டன் இன்றைக்கும் பிறந்தநாள் வாழ்த்தைக்கூடப் பெரிய எழுத்தில்தான் அடிப்பார்.

ஜூன் 13, வெள்ளி. 138/86

கேப்டன் கப்பல் முதலாளியின் ஆபீஸில் விசாரித்தார். 'கப்பலில் அனைவரும் நலம்' என்று ஒரு வரி வந்தது. மேரிக்குப் போனில் சொன்னேன். "மாதாவே" என்றாள்.

பிளகினைக் கொஞ்சம் தீட்டினேன். சும்மா போட்டுவிட்டு மறந்தால் அது செத்துவிடும், செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி பார்த்துக்கொள்ளவேண்டும். தப்பி வந்த இரண்டு விதவைகளும் 'நாங்கள் மோசடிக்காரர்கள் அல்ல, நிஜமானவர்கள்' என்று எழுதியிருந்தார்கள். நானாக ஒரு விதி எழுதினேன். அப்படி எழுதினால் இரண்டரை மார்க். தன்னைத்தானே நிஜம் என்று சொல்லிக்கொள்கிறவன் எவன்? திருடன்தான்.

ஜூன் 17, செவ்வாய். 152/94

வேறொரு கப்பலின் கேப்டன் போன் செய்து கத்தினார், இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை என்று. வந்த மெயில் எல்லாம் பதிவாகிற லாக்கில் தேடினேன். பெரிய எழுத்து, 'அவசரம்', 'உதவி', புது முகவரி. வடிகட்டி தின்றுவிட்டிருக்கிறது. அவர் முகவரியை விதிவிலக்கில் சேர்த்துவிட்டேன். சின்ன விஷயம்.

வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன். 176/104

நார்த்தங்காய் ஊறுகாய் சாப்பிட்டேன். அதுதான்.

மேரி வந்தாள். வரவில்லை என்றேன்.

ஜூன் 19, வியாழன். 180/106

ஆபீஸ் போகவில்லை. என் மனைவி சங்கரி நார்த்தங்காய்ப் பாட்டிலை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மூடியில் ஒட்டிய டேப் பிரியாமல் இருந்தது.

"பாட்டில தொறக்கவே இல்ல. என்னத்த மறைக்கிய?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

ஜூன் 20, வெள்ளி. 184/108

எழுதித் தொலைக்கிறேன்.

பதினேழாம் தேதி அந்தக் கேப்டனின் மெயிலைத் தேடினேன் அல்லவா, 'அவசரம்' என்று போட்டுத் தேடியதால் வேறொன்றும் சேர்ந்து வந்தது. வேறொன்று இல்லை, எட்டு. எல்லாம் ஒரே முகவரியிலிருந்து. மூசா என்று ஒரு ஆள், தெரியாத இலவச முகவரி. எட்டிலும் 'ஒராலியா' என்று இருந்தது.

மெயில் இல்லை. மெயில் போயே போய்விட்டது, நான்தான் கையோடு அழி என்று சொல்லிவிட்டேனே. லாக்கில் தேதி, நேரம், அனுப்பியவர், தலைப்பு, மார்க், இவ்வளவுதான் நிற்கும். அதுவும் முப்பது நாளைக்கு. பிறகு அதுவும் தானாக உதிர்ந்துவிடும். அதனால் தலைப்புகளை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். தமிழில் எழுதுகிறேன்.

ஜூன் 5, காலை 11.40. அவசரம். ஒராலியா. உதவி தேவை.

ஜூன் 7. அவசரம். ஒராலியா. குடிதண்ணீர் தீர்ந்தது.

ஜூன் 8. அவசரம். ஒராலியா கேப்டன் இறங்கிப் போய்விட்டார். பதினோரு பேர் இருக்கிறோம்.

ஜூன் 10. அவசரம். ஒராலியா. சமையல்காரருக்குக் கடும் காய்ச்சல். உதவி.

ஜூன் 11, பகல் 12.05. ஒராலியா. சமையல்காரருக்கு நினைவு தப்புகிறது. என்ன மருந்து என்று சொல்லவும். அவசரம்.

ஜூன் 13. ஒராலியா. தயவுசெய்து பதில். அவசரம்.

ஜூன் 14. ஒராலியா. தயவுசெய்து. அவசரம்.

ஜூன் 16. அவசரம். ஒராலியா. ஐயா, நாங்கள் மோசடி அல்ல. நாங்கள் நிஜமானவர்கள்.

கடைசி மெயிலுக்குத்தான் மார்க் அதிகம். ஒன்பது. அதில் இரண்டரை நான் என் கையால் எழுதிய விதி போட்டது.

முதல் மெயில் நான் அமைப்பை மாற்றி நாற்பது நிமிஷம் கழித்து வந்திருக்கிறது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாற்றியிருந்தால் தனிப்பெட்டியில் கிடந்திருக்கும். கிடந்திருந்தால் மட்டும் பார்த்திருப்பேனா? நானூற்றுப் பன்னிரண்டில் முப்பது பார்த்தவன் நான்.

இதை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று என்னையே கேட்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம்தான். அங்கே பதினோரு பேர் தண்ணீர் இல்லாமல் கிடக்க, நான் ஊறுகாய் மேல் பழி போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். சீ.

இன்று காலையில் கேப்டனிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எட்டுத் தலைப்பையும் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், உடனே போனை எடுத்தார். கப்பல் துறை அதிகாரிகள், அந்தத் துறைமுகத்தில் தெரிந்த ஆள், தூதரகம் என்று நாலு மணி நேரம் போனை வைக்கவில்லை. அதற்கு அவரைக் கும்பிடலாம். நான் மூசாவின் முகவரிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அவர் முகவரியை விதிவிலக்கில் போட்டேன், இரண்டு பிளகினையும் பிடுங்கி எறிந்தேன்.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது கேப்டன் கதவைச் சாத்தினார்.

"வே, மெயிலு வந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. கப்பல் மொதலாளிதான் ஏமாத்திட்டான். அதுவும் நெசந்தான?"

"லாக்ல இருக்கு சார்."

"அது முப்பது நாள்ல தானாப் போயிரும்லா? போகட்டும். நீரு ஒண்ணும் செய்யாண்டாம்."

ஜூன் 21, சனி. 170/100

நானூறு மெயிலையும் உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். ஒவ்வொரு விதவையையும். எவளாவது நிஜமாக இருந்துவிட்டால்?

ஜூன் 24, செவ்வாய். 188/110

மூசாவிடமிருந்து பதில். நங்கூரம் போட்ட கப்பல்களுக்குப் படகில் பழமும் காய்கறியும் கொண்டுபோய் விற்கிறவர். ஒராலியாவில் எண்ணெய் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது, எல்லார் போனும் செத்துவிட்டது. போனுக்குள் இருக்கிற நம்பரை யார் மனப்பாடம் செய்கிறார்கள்? ஆனால் ஒவ்வொருவர் கழுத்திலும் எங்கள் அடையாள அட்டை. அதன் பின்பக்கம் எங்கள் மெயில் முகவரி. அச்சடிக்கக் கொடுத்ததே நான்தான். அதைப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்களாம், மூசா கரையில் ஒரு கடையில் அதை அப்படியே, பெரிய எழுத்து உட்பட, அடித்து அனுப்புவாராம்.

பத்துப் பேரை நேற்றுக் கரைக்கு இறக்கிவிட்டார்கள். கஸ்பார் பதினைந்தாம் தேதி விடியற்காலையில் இறந்துவிட்டான். அங்கேயே அடக்கம்.

பதினைந்து என்று படித்ததும் என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் 'அப்பாடா'. நான் ஒளித்துவைத்த மூன்று நாள் அவனைக் கொல்லவில்லை, அவன் அதற்கு முன்பே போய்விட்டான் என்ற நிம்மதி. ஒரு மனுஷன் செத்த செய்தியைப் படித்து அப்பாடா என்று சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுதக் கூசுகிறது.

கேப்டனும் பங்குச் சாமியாரும் மேரி வீட்டுக்குப் போனார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

ஜூன் 27, வெள்ளி. 178/104

மேரி வந்தாள். கறுப்புச் சேலை. அதே பன்னிரண்டரை மணி. அதே நாற்காலி.

"கடைசியா எதாச்சும் எழுதுனாவளா அண்ணாச்சி? ஒரு வரி?"

கதவோரம் கேப்டன் நின்றார்.

"இல்லம்மா" என்றேன்.

முதலில் சொன்னதெல்லாம் தெரியாமல் சொன்ன பொய். பதினெட்டாம் தேதி சொன்னது பயத்தில். இதற்கு என்ன பெயர் வைக்க? அவள் எனக்குத் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். போகிறபோது, "நீங்க சொகமில்லாத மாரி இருக்கிய, டாக்டர்ட்ட காமிங்க" என்று வேறு சொன்னாள்.

ஜூலை 1, செவ்வாய். 182/106

மூசா படங்கள் அனுப்பியிருக்கிறார். கப்பலிலிருந்து கொடுத்த காகிதங்களை ஒன்றுவிடாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ஒரு பழ வியாபாரிக்கு இருக்கிற பொறுப்பு. எட்டும் ஆங்கிலத்தில். ஒன்பதாவதாக ஒன்று இருக்கிறது. பருப்பு மூட்டைச் சீட்டின் பின்பக்கம், பென்சிலில், தமிழில். மேலே 'மேரிக்கு' என்று இருந்தது. அந்த எழுத்தை அடிக்கத் தெரியாததால் அனுப்பவில்லை, குடும்பத்தாரிடம் சேர்ப்பித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்.

'மேரிக்கு' என்ற சொல்லுக்குக் கீழே நான் படிக்கவில்லை. இது ஒன்றையாவது படிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.

ஜூலை 2, புதன்.

ஒன்பதையும் அச்செடுத்துக்கொண்டு, லாக்கிலிருந்து அந்த எட்டு வரியையும் அச்செடுத்துக்கொண்டு, மதியம் உப்புக் கம்பெனி வாசலுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிளகின், மார்க், கையோடு அழி, நாற்பது நிமிஷம், மூன்று நாள், கதவோரம் நின்ற கேப்டன். ஒன்றையும் விடவில்லை.

அவள் கத்தவில்லை. லாக் அச்சை வாங்கி, தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

"பதினொண்ணாந் தேதி. பன்னெண்டு அஞ்சு. அன்னிக்கி நான் உங்க ஆபீஸ்ல இருந்தேன்ல?"

"ஆமா."

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டரைக்கு."

"தண்ணி குடிச்சேன்" என்றாள். "அவுக அங்க அப்பிடிக் கெடக்க, நான் உங்க ஆபீஸ்ல ஒக்காந்து ஒரு செம்புத் தண்ணியும் குடிச்சிருக்கேன்."

பிறகு பென்சில் கடிதத்தை எடுத்தாள். மனசுக்குள் படிப்பாள் என்று நான் திரும்பி நின்றேன். அவள் சத்தமாகப் படித்தாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே.

"மேரி, போன் செத்துப் போச்சு. உன் நம்பர் மனப்பாடம் இல்ல, கோவப்படாத. லேசாக் காய்ச்சல். ஏஜென்சிக்கு எழுதச் சொல்லியிருக்கேன். பயப்படாத. அங்க ஆவுடையப்பன் அண்ணாச்சி இருக்காரு. எனக்கு அட்டை போட்டுத் தந்தவரு. அவரு கண்ணுல ஒரு தடவ பட்டாப் போதும், விடமாட்டாரு. நீ தெனம் போயி அவரக் கேளு."

அதற்கு மேல் படிக்கவில்லை. காகிதத்தை மடித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"போனேன் அண்ணாச்சி" என்றாள். "தெனம் வந்தேன்ல? வந்து கேட்டேன்ல?"

கம்பெனியில் மணி அடித்தது. எழுந்து சேலையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூலை 3, வியாழன்.

கேப்டனிடம் சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது. லாக் அச்சு மேரியிடம் இருக்கிறது என்றதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "குடியக் கெடுத்துட்டீரேவே" என்றார். யார் குடியை என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி.

பிரஷர் பார்க்கவில்லை.

காலை பதினொன்று நாற்பதுக்கு லாக்கிலிருந்து முதல் வரி உதிர்ந்திருக்கும். முப்பது நாள் ஆகிவிட்டது. இன்னும் பதினொரு நாளில் எட்டும் போய்விடும்.

திங்கட்கிழமை கப்பல் துறை அதிகாரி முன்னால் விசாரணை. மேரி புகார் கொடுத்திருக்கிறாள், கப்பல் முதலாளி மேல், ஏஜென்சி மேல், என் மேல். நேற்றுச் சாயங்காலம் ஒரு பெண்ணை அனுப்பி, என்னிடம் வேறு ஏதாவது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

கொடுக்குமுன் காலையில் இந்த நோட்டைப் புரட்டினேன். ஜூன் ஐந்தாம் தேதிப் பக்கத்தில் 'பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று என் கையெழுத்தில், முத்து முத்தாக. அந்த ஒரு தாளை மட்டும் கிழித்துவிடலாமா என்று கை போனது. ஓரம் கொஞ்சம் கிழிந்தும்விட்டது. சங்கரி பார்த்துக்கொண்டு நின்றாள். பசை எடுத்துவரச் சொல்லி ஒட்டிவிட்டேன்.

டாக்டரம்மாவுக்கு வேறு நோட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.